தேக்குச் சத்தம்

“மூச்சு விட எடம் இருக்கணும் சோலைராஜு. இல்லேன்னா உள்ளயே வெந்து செத்துரும்” என்றார் வைகுண்டராஜ்.

சோலைராஜ் இழைப்புளியைக் கீழே வைத்தான். ராஜபாளையத்தில் மரப்பட்டறை வைத்திருப்பவனுக்கு இந்தப் பேச்சு புதிதில்லை. “குட்டி எத்தன மாசம் அண்ணாச்சி? நம்மூரு வெள்ளையா?”

“நாய்க்கூடு இல்லப்பா, ஆம்ப்ளிஃபையருக்குப் பொட்டி!”

வைகுண்டராஜ் ஸ்ரீவில்லிபுத்தூரில் மெல்லிசைக் குழு நடத்துபவர். அவரிடம் கிட்டார் வாசிக்கும் கௌதம்ராஜ், தன் சின்ன ஆம்ப்ளிஃபையரைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். ஸ்பீக்கருக்குத் தனிப் பெட்டி. வால்வும் ஒயரும் இருக்கிற இந்தத் தலைப்பகுதிக்குத் தனிப் பெட்டி. மரத்தூளை ஒட்டிச் செய்த மட்டமான பலகை அது. ஒரு மழைக் கச்சேரியில் நனைந்து, மூலையெல்லாம் பன் ரொட்டி மாதிரி ஊதிப்போயிருந்தது.

“அதான் இவன் கிட்டாரு, தகர டப்பாவுல கல்லப் போட்டு உருட்டுன மாதிரி கேக்கு. தேக்குல ஒண்ணு செஞ்சு குடு. சத்தம் எப்படி மாறுதுன்னு பாரு.”

கௌதம்ராஜ் தொண்டையைச் செருமினான். “அண்ணாச்சி, ஸ்பீக்கர் இதுக்குள்ள இல்ல. இது வெறும் கூடு. எந்த மரத்துல செஞ்சாலும் சத்தம் மாறாது.”

“ஏலே, நான் முப்பது வருசமா காத வச்சுத்தான் சோறு திங்கேன். தேக்கு எப்படிப் பேசும், பலக எப்படிப் பேசும்னு எனக்கு நீ சொல்லித் தாரியா? வார மாசம் கல்யாண ரிசப்ஷன். அன்னைக்குத் தேக்குப் பொட்டியோட மேடை ஏறு. இல்லையா, கிருஷ்ணன்கோவில் காலேஜ்ல ஒருத்தன் கிட்டாரும் கையுமா காத்துக் கெடக்கான்.”

மில் வேலையை விட்டுவிட்டு இந்தக் குழுவை நம்பி வந்தவன் கௌதம்ராஜ். துணியை அவிழ்த்து, பெட்டியை அளவெடுக்க நீட்டினான்.

சோலைராஜ் நாலா பக்கமும் அளந்தான். “மூலைக்கு மூலை பல்லு வெட்டிச் சேத்துருதேன். ஆணியே கெடையாது. பின்னால காத்துக்கு வரிசையா ஓட்டை போட்டுருவோம். பாலிஷ் காயிறதுதான் அண்ணாச்சி, வானத்து கையில இருக்கு.”

அன்றிலிருந்து வைகுண்டராஜ் பார்க்கிறவரிடமெல்லாம் தேக்கின் மகிமையைச் சொன்னார். டீக்கடையில் சொன்னார். சவரக்கடையில் பாதி முகத்தில் சோப்போடு சொன்னார்.

ரிசப்ஷன் அன்று மாலை அவர் மண்டபத்துக்குள் நுழைந்தபோது, கௌதம்ராஜ் எல்லாவற்றையும் மாட்டி முடித்திருந்தான். ஸ்பீக்கர் மேல் அந்தத் தலைப்பெட்டி. அதன் மேல் ஒரு வெல்வெட் துணி. முன்னாலிருந்த திருகுகள் மட்டும் வெளியே தெரிந்தன.

“ஏன்லே மூடி வச்சிருக்க? காத்து போவாண்டாமா?”

“பின்பக்கம் தெறந்துதான் இருக்கு அண்ணாச்சி. மேடைல ஒரே தூசி. அதான்.”

“அதுவும் சரிதான். பாலிஷ் வாசனை இங்க வரைக்கும் தூக்குதே!” என்று மூக்கை உறிஞ்சினார். மணமக்களுக்காக அப்போதுதான் கொண்டுவந்து போட்ட சோபா பக்கத்தில் பளபளத்துக்கொண்டிருந்தது.

முதல் பாட்டு தொடங்கியது. நடுவில் கிட்டார் தனியாக ஒலிக்கும் இடம் வந்ததும் வைகுண்டராஜ் கண்ணை மூடினார். அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. முந்தைய மாதம் வரை தகரமாக அலறிய அதே கிட்டார், இன்று தேனில் முக்கி எடுத்ததுபோல் இழைந்தது. அவர் கண்ணோரம் ஈரமானது.

பாட்டு முடிந்ததும் மைக்கைப் பிடுங்கிக்கொண்டார்.

“பெரியோர்களே! இப்ப கேட்டீங்களே, அந்த இனிமை எங்கருந்து வந்துச்சு? தேக்கு! தேக்குப் பொட்டி! மரத்துல ஒண்ணும் இல்லைன்னு இந்தத் தம்பி எங்கிட்டயே சாதிச்சான். எங் காதா பொய் சொல்லும்? கண்ண மூடிக்கிட்டே சொல்லிருவேன், எது எந்த மரத்துச் சத்தம்னு!”

கூட்டம் கைதட்டியது. கீபோர்டு வாசிக்கும் சத்யப்பிரியா மட்டும் சட்டென்று குனிந்து, காலடியில் எதையோ தேட ஆரம்பித்தாள். கௌதம்ராஜ் சுருதி சேர்ந்திருந்த தந்தியையே திரும்பத் திரும்ப முறுக்கிக்கொண்டிருந்தான்.

பெண்ணின் அப்பாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. மேடையேறி வைகுண்டராஜின் தோளில் ஒரு சரிகைத் துண்டைப் போர்த்தினார். “காதுன்னா இதுல்லா காது!”

வைகுண்டராஜ் துண்டை நீவிவிட்டுக்கொண்டு மைக்கை மறுபடி வாயருகே கொண்டுபோனார். “ஏலே கௌதமு, ஊரறியச் சொல்லுதேன். இனிமே நம்ம குழுவுக்கு நீதாம்லே கிட்டாரு. அந்தக் காலேஜ்காரன் படிச்சு முன்னேறட்டும்!”

மறுபடி கைதட்டல். கௌதம்ராஜ் அப்போதுதான் முகத்தைத் துடைத்துக்கொண்டு மூச்சு விட்டான்.

பந்திக்குப் போகிற கூட்டத்தை எதிர்த்துக்கொண்டு, சாக்கு சுற்றிய ஒரு சுமையைத் தோளில் தாங்கியபடி ஒருவன் வேர்க்க விறுவிறுக்க உள்ளே வந்தான். மேடைக்குக் கீழே வந்து நின்றவன் சோலைராஜ். மைக் இன்னும் வைகுண்டராஜின் கையில்தான் இருந்தது. ‘வாப்பா’ என்று அவர் கையை நீட்டிய வேகத்தில் அது சோலைராஜின் வாய்க்கு நேரே போய் நின்றது.

“தேக்குப் பொட்டி வந்துட்டு அண்ணாச்சி, எங்க எறக்கட்டும்?”