நன்றியுள்ள நாய்

என் மகள் பிறந்ததிலிருந்தே அம்மா கட்சி. அப்பேர்ப்பட்டவள், பொம்மைச் செங்கல்களில் ரோபோ செய்யும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தால் எனக்குத் தலைகால் புரியுமா?

"அப்பா, யாராவது கிட்ட வந்தா குரைக்கிற நாய் செய்யலாமா?"

"அது இருக்கட்டும், நீ இப்ப எந்தக் கட்சி?"

"அப்பா கட்சிதான்!"

போதாதா? சனிக்கிழமை முழுக்கக் கூடத்துத் தரையில் உட்கார்ந்து பூட்டினோம். நாய்க்குக் கண்ணாக சென்சார் வைத்தது அவள். வாலாட்ட மோட்டார் வைத்தது என் யோசனை.

"திருடன் மாதிரி வாப்பா, சோதிச்சுப் பார்க்கலாம்."

பூனை நடை நடந்தேன். நாய் கண்டுகொள்ளவில்லை. சென்சாரைத் திருப்பி வைத்தாள். குனிந்தேன், ஊர்ந்தேன், சுவரோடு ஒட்டி வந்தேன். என் வித்தை ஒவ்வொன்றுக்கும் அவள் ஒரு திருத்தம் செய்தாள். கடைசியில் எப்படி வந்தாலும் குரைத்தது. அப்பாவும் மகளும் கட்டிப்பிடித்துக் குதித்தோம்.

மறுநாள் மதியம் அம்மாவும் மகளும் தூங்கினார்கள். நான் அதே பூனை நடையில் சமையலறைக்குள் போய், ஃபிரிட்ஜ் கதவில் கை வைத்தேன்.

பக்கத்து இடுக்கிலிருந்து வீடே அதிரக் குரைத்தது நாய்.

மனைவி ஓடி வந்தாள். "கேக் எப்படித் தேயுதுன்னு பார்த்தேன்! சர்க்கரை ஏறிக்கிடக்குன்னு டாக்டர் தலையில அடிச்சுக்கிட்டாரே, மறந்துபோச்சா?"

பின்னால் மகள் நின்றாள்.

"துரோகி! அப்பா கட்சின்னியே?"

"ஆமாப்பா. தலைவர் ரொம்ப நாள் இருந்தாத்தானே கட்சி இருக்கும்?"

சொந்தச் செலவில் சூனியம் என்பது இதுதான். நாய் மட்டும் என்னைப் பார்த்து ஓயாமல் வாலாட்டியது.