பார்த்தவள் கேட்டாள்

"உங்க வேலை பிள்ளையைப் பாத்துக்கறதா, இல்ல எங்க வீட்டுக்குள்ள எட்டிப் பாக்கறதா?"

காலை நேரம். மழலையர் காப்பகத்தில் பிள்ளைகளை விட வந்தவர்கள் எல்லாம், செருப்பைக் கழற்றியது பாதி கழற்றாதது பாதியாக அப்படியே நின்றுவிட்டார்கள்.

கத்தியவள் ஒரு பையனின் அம்மா. வாங்கிக் கட்டிக்கொண்டது யானை மிஸ். மண்டியிட்டு, முதுகில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தாழ்வாரம் முழுக்கத் தவழ்வாள் என்பதால் பிள்ளைகள் வைத்த பெயர் அது. பெற்றவர்களும் அப்படியே கூப்பிடப் பழகிவிட்டார்கள்.

அதற்கு முந்தின நாள் நடந்தது இதுதான். புதிதாகச் சேர்ந்த அந்தப் பையன், வாய் திறக்காமல் விறைப்பாக உட்கார்ந்திருப்பதால் 'குட்டித் துரை' என்று பெயர் வாங்கியவன், வண்ணம் கலக்கும் தண்ணீரைச் சட்டையில் கொட்டிக்கொண்டான். மாற்றுச் சட்டை போட்டுவிட அவன் கையைத் தூக்கிய யானை மிஸ் அப்படியே நின்றாள்.

மேல்கையின் உள்பக்கம் விரல் விரலாக நீலம். அதற்குக் கீழே மஞ்சளாக மங்கிப்போன இன்னொரு தடம்.

ஓடுகிற பிள்ளை விழுந்தால் முட்டி சிராயும், நெற்றி புடைக்கும். அக்குளுக்குப் பக்கத்தில் விரல் பதியாது.

"இது எப்படிக் கண்ணு ஆச்சு?"

பையன் சட்டையை இழுத்து மூடிக்கொண்டு, "சொல்லக் கூடாது" என்றான்.

அதற்கு மேல் அவள் துருவவில்லை. சட்டையை மாட்டிவிட்டு, நேராகக் காப்பகத்தை நடத்தும் பெரிய மிஸ்ஸிடம் போய்ச் சொன்னாள்.

இப்படி ஒன்று கண்ணில் பட்டால் உடனே குழந்தைகள் நல அலுவலகத்துக்குச் சொல்லிவிட வேண்டும் என்பதுதான் காப்பகத்தின் விதி. பெரிய மிஸ் கெட்டவர் இல்லை, பயந்த சுபாவம். எதற்கும் பெற்றவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாமே என்று போன் போட்டுவிட்டார்.

அதன் பலன்தான் இந்தக் காலைக் கச்சேரி.

பையனின் அப்பாவும் வந்திருந்தார். குரலை உயர்த்தவே இல்லை. சிரித்த முகத்தோடு, தான் எதையும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை என்றும், பையன் கொஞ்சம் துறுதுறு, மாடிப்படியில் உருண்டுவிட்டான் என்றும் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். குட்டித் துரையைத் துறுதுறு என்று சொன்ன முதல் ஆள் அவர்தான்.

அம்மாதான் அடங்கவில்லை. எல்லார் எதிரிலும் மன்னிப்புக் கேட்க வேண்டும், இனி இந்தக் கை தன் பிள்ளை மேல் படக் கூடாது என்று ஒரே பிடியாக நின்றாள்.

பெரிய மிஸ் யானை மிஸ்ஸின் முழங்கையை லேசாக இடித்தார். ஒரு மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போயேன் என்று அர்த்தம்.

யானை மிஸ்ஸுக்கே ஒரு சந்தேகம் வந்தது. ஒருவேளை நிஜமாகவே படியில்தான் விழுந்திருந்தால்? ஒரு குடும்பத்தை நாலு பேர் முன்னால் சந்தி சிரிக்க வைத்த பாவம் தனக்குத்தானே?

"உங்க மனசு நொந்ததுக்கு மன்னிச்சுக்கங்கம்மா," என்றாள். "ஆனா பாத்ததைப் பாக்கலைன்னு என்னால சொல்ல முடியாது."

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. திமிரைப் பார் என்று யாரோ சொன்னார்கள். அப்பாவின் சிரிப்பு மட்டும் மாறவில்லை. பையனைக் காப்பகத்திலேயே விட்டுவிட்டு, மனைவியின் தோளில் கை வைத்து அழைத்துக்கொண்டு போனார்.

அவர்கள் தலை மறைந்ததும் யானை மிஸ் போனை எடுத்தாள். குழந்தைகள் நல அலுவலகத்தின் எண்ணை அழுத்தினாள். அலுவலகத்தில் யார் பேசுகிறீர்கள் என்று கேட்டபோது பெயரை மறைக்காமல் சொன்னாள்.

மாலை பையனைக் கூட்டிப்போக அப்பா வருவதற்குள் அதிகாரிகள் வந்துவிட்டார்கள். டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று பையனை அழைத்துப் போனார்கள். அதன் பிறகு அவன் காப்பகத்துக்கு வரவில்லை. என்ன ஆனது என்று கேட்டாலும் யாரும் சொல்லவில்லை.

பெரிய மிஸ் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்திவிட்டார். சில பெற்றோர், தங்கள் பிள்ளையை வேறு மிஸ் பார்த்துக்கொள்ளட்டும் என்றார்கள். யானை மிஸ் பால் டம்ளர் கழுவுகிற வேலைக்கு வந்து சேர்ந்தாள். டம்ளரை வைத்துக்கொண்டு யானை வேஷம் போட முடியாது. பிள்ளைகள்தான் சமையலறைக் கதவை வந்து வந்து தட்டிக்கொண்டிருந்தார்கள்.

சில வாரங்கள் போயிருக்கும். ஒரு சாயங்காலம் பின்வாசலில் ஆள் நிழல் தெரிந்தது. குட்டித் துரையின் அம்மா. தனியாக.

அடுத்த வசவுக்குத் தயாராக யானை மிஸ் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

வந்தவள் திட்டவில்லை. இப்போது அக்கா வீட்டில் இருப்பதாகவும், பிள்ளை பக்கத்தில் அவர் வரக் கூடாது என்று கோர்ட்டே சொல்லிவிட்டதாகவும், பையன் தூக்கத்தில் சிணுங்குவது குறைந்திருப்பதாகவும் தரையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"அன்னிக்கு நான் அப்படிக் கத்தலைன்னா, நான்தான் போட்டுக் கொடுத்தேன்னு வீட்டுக்குப் போனதும் எங்க ரெண்டு பேரையும்..." முடிக்க முடியவில்லை அவளால்.

யானை மிஸ் அவளை உள்ளே இழுத்து உட்கார வைத்தாள். "எங்கிட்ட தனியா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா."

"வாய் வரலை மிஸ். இதுக்கு முன்னாடி அவனை விட்ட காப்பகத்துலயும் இந்தத் தடத்தைப் பாத்தாங்க. யாரும் ஒண்ணும் கேக்கலை. அப்பதான் பக்கத்து வீட்டம்மா, 'அந்தக் காப்பகத்துல மட்டும் பிள்ளையைச் சேக்காதே, அங்க ஒரு வம்புக்காரி இருக்கா, சின்னக் கீறல் இருந்தாக்கூட எப்படி வந்துச்சுன்னு குடைஞ்சு எடுத்துடுவா'ன்னு சொன்னாங்க."

முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"மறுநாளே கொண்டுவந்து இங்க சேத்துட்டேன்."