தண்ணீர்ப் பொருத்தம்

ஜாதகத்தில் பத்துக்கு ஒன்பது பொருந்தியது. தண்ணீர்தான் பொருந்தவில்லை.

இப்போதெல்லாம் குழாயே, நீட்டிய கையைப் பார்த்து ஆளைத் தெரிந்துகொண்டு, அவரவர் சிறுநீரகத்துக்கு ஏற்ற தண்ணீரைத்தான் ஊற்றுகிறது. யாருக்கும் கல் வருவதில்லை. வீட்டுக்கு வந்தவருக்குச் செம்பில் தண்ணீர் கொடுக்கும் வழக்கமும் போய்விட்டது. மகனோடு என் மகளைப் பெண் பார்க்க வந்த தணிகாசலம் சொந்தப் பாட்டிலோடுதான் வந்து உட்கார்ந்தார். எனக்குச் சுருக்கென்றது.

"தப்பா நினைக்காதீங்கம்மா," என்றார், முறுக்கைக் கடித்தபடி. "எங்க வீட்ல எல்லாருக்கும் உப்பு எடுத்த தண்ணி. உங்க பொண்ணுக்கு உப்புச் சேர்த்த தண்ணி. ஒரே உலையில எதை ஊத்துறது?"

அவர் மகன் தலையைக் குனிந்துகொண்டான். என் மகள் யாழரசிக்கு முகம் வாடிப்போனது.

அப்போது பார்த்து அவருக்குப் புரையேறியது. பாட்டிலில் சொட்டு இல்லை. யாழரசி பதறிப்போய்த் தன் டம்ளரையே அவர் கையில் திணித்தாள். மடமடவென்று குடித்தார்.

"இது உங்கள் தண்ணீர் அல்ல!" என்று அவருடைய வாட்ச் கத்தியது.

"சும்மா கெட!" என்று அதை அதட்டிவிட்டு, டம்ளரை உற்றுப் பார்த்தார். "தண்ணிக்கு இப்படி ஒரு ருசியா! ரெண்டு உலையா வச்சுக்கலாம்மா. எனக்கு எப்பவாச்சும் இதுல ஒரு மடக்குக் குடுப்பியா?"

"தீபாவளிக்கு ஒரு மடக்கு, பொங்கலுக்கு ஒரு மடக்கு. அதுக்கு மேல கேக்கக் கூடாது மாமா."

அவள் 'மாமா' என்றதும்தான் அவர் மகன் நிமிர்ந்து பார்த்தான்.