தோசைக்கல் சத்தம்

பனியன் கம்பெனியில் சாப்பாட்டு மணி அடித்ததும் முந்தின நாள் சீரியலைப் பிய்த்து உதறுவது தங்கபுஷ்பத்தின் வேலை. கதாநாயகி புருஷனிடம் அறை வாங்கிக் கன்னத்தைப் பொத்திக்கொண்டு நின்றாளாம். "அடி வாங்குறவ கன்னத்தையா பொத்துவா? காது அறுந்துரும்னு தோட்டைல்ல புடிப்பா!" பெண்கள் சிரித்தார்கள். "முடியைப் புடிச்சா எதிர்ப்பக்கம் திமிறவும் கூடாதுக்கா, அவன் இழுக்கிற பக்கமே ஓடணும். இல்லேன்னா கொத்தா வந்துரும்" என்றாள் பக்கத்து மிஷின் ராஜகனி. சீரியலில் கடைசியாகக் கதாநாயகி தோசைக்கல்லைத் தூக்கிப் புருஷன் மண்டையில் ஓங்கிப் போட்டது மட்டும்தான் எல்லாருக்கும் பிடித்திருந்தது. "ணங்குன்னு என்னா சத்தம்!" என்றாள் தங்கபுஷ்பம். தினமும் தோசை கொண்டுவரும் சுடலைவடிவு இன்று கடை பன்னைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தாள். எந்தப் பேச்சிலும் சேராதவள், தலை நிமிராமலே சொன்னாள்: "அப்படிச் சத்தம் வராதுக்கா. ஈர மூட்டையைக் கீழ போட்ட மாதிரி பொத்துன்னுதான் கேக்கும்." தங்கபுஷ்பம் சிரிக்க வாயைத் திறந்தாள். சுடலைவடிவின் இடது காதில் தோடு இல்லை. காதுமடல் கீழ்வரை இரண்டாகப் பிளந்து, ரத்தம் காய்ந்திருந்தது. தங்கபுஷ்பத்தின் கை தானாகப் போய்த் தன் தோட்டைப் பிடித்துக்கொண்டது.