தம்பிக்காக நின்றவர்

கொத்தனாருக்கு அவர் தம்பி தர வேண்டிய கடன் பதினெட்டாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய். சாரத்திலிருந்து விழுந்ததில் தம்பிக்குப் புத்தி பேதலித்துவிட்டது. நஷ்டஈட்டு வழக்கில் அவனுக்காக நின்று பேச இருவருக்கும் மூத்த அண்ணன் மனுப் போட்டதும், கொத்தனாருக்கு வயிறு பற்றி எரிந்தது.

"எல்லாத்துக்கும் அவர்தானா? பணமும் அவர் கைக்கா?" என்று தானும் ஒரு மனுப் போட்டார்.

நீதிபதி கேட்டார்: "தம்பியோட கொடுக்கல் வாங்கல் இருக்கா? இருந்தா அவருக்காகப் பேச முடியாது."

"அவன் எனக்குக் கொஞ்சம் தரணுங்க" என்று அண்ணன் ஒதுங்கினார்.

"எனக்கு அவன் ஒத்தக் காசுகூடத் தர வேண்டாங்க!" கொத்தனார் முந்திக்கொண்டு எழுதியே கொடுத்தார். பொறுப்பும் கிடைத்தது.

வெளியே வக்கீல் சொன்னார்: "பணம் தம்பி பேர்ல பேங்குக்குப் போயிடும். நீங்க வாய்தா தவறாம வந்தா போதும்."

கொத்தனார் அண்ணனைப் பார்த்தார். "அப்போ உங்க கடன்?"

"நான் எங்கடா அவனுக்குக் கடன் கொடுத்தேன்? நீ துடிச்ச துடிப்பைப் பார்த்துத்தான் வழிவிட்டேன்."