இடது ரோலர்

புல்வெட்டும் பழைய டிராக்டரின் அடியிலிருந்து, வத்தலக்குண்டிலிருந்து மலையேறி வந்திருந்த மெக்கானிக் சக்திவேல் எரிச்சலோடு எழுந்தான்.

“பிளேடு மண்ணுல இடிக்காமத் தாங்குறதே இந்த ரெண்டு ரோலருந்தான். வலது புதுசு மாதிரி கெடக்கு, இடது பாதியாத் தேஞ்சிருக்கு. ஒரே எடத்துல இடப்பக்கமாவே சுத்துறீங்களாண்ணே?”

தோட்டக்காரர் ஆரோக்கியதாஸ் ஸ்பேனரை எடுத்து நீட்டினார்.

ரோலரை மாற்றியதும் சக்திவேல் அவரை ஓட்டிப் பார்க்கச் சொன்னான். ஆஸ்பத்திரியின் அத்தனை பெரிய புல்வெளியை விட்டுவிட்டு, வண்டி ஒரு ஜன்னலுக்குக் கீழேயே வட்டமடித்தது. ஒவ்வொரு வட்டத்துக்கும் ஜன்னலுக்குள் ஒரு கை அசைந்தது.

“யாரு அது?” என்று அவ்வழியே வந்த நர்ஸிடம் கேட்டான்.

“அவரு சம்சாரம். மூணு மாசமாப் படுக்கையில இருக்காங்க. பார்க்க விடுறது சாயங்காலம் மட்டுந்தானே.”

வண்டி திரும்பி வந்ததும், சக்திவேல் பையைத் துழாவி இன்னொரு புது ரோலரை ஆரோக்கியதாஸ் கையில் வைத்தான்.

“இடப்பக்கத்துக்கு வச்சுக்கங்கண்ணே. நல்லாத் தேயட்டும்.”