சுவிட்சில் மாவு

'டக்'கென்ற சத்தத்தோடு கீசரின் சிவப்பு விளக்கு மூன்றாம் முறையாக அணைகிறது. நெஞ்சுவலி வந்து ஒரு மாதம் படுத்திருந்த கலியமூர்த்தி இன்றுதான் மறுபடி ஷிப்டுக்குப் போகிறார். வெந்நீரில்தான் குளிக்க வேண்டுமென்பது டாக்டர் உத்தரவு. "பிளான்ட் மாதிரி இங்கயும் கரண்ட் டிரிப்பா?" என்று இடுப்புத் துண்டோடு ஸ்டூலில் ஏறி டெஸ்டரை வைக்கிறார். கரண்ட் வரவில்லை. ஈரத்தரையில் ஜன்னல் வெயில் கட்டம் கட்டமாகக் கிடக்கிறது. "பிளான்ட்ல அம்மாம்பெரிய பாய்லர் ஓட்டறவரு, ஒரு பக்கெட் தண்ணி காய வைக்க முடியல!" சப்பாத்திக்கு மாவு பிசைந்தபடியே மனைவி செந்தாமரை சிரிக்கிறாள். ஒயர் போகும் வழியே அவர் சமையலறை வாசலுக்கு வருகிறார். அங்கே கீசரின் மெயின் சுவிட்ச் அணைந்திருக்கிறது. அதன்மேல் ஈர மாவில் ஒரு விரல் தடம். அவர் திரும்பிப் பார்க்கிறார். அவள் தலை நிமிரவில்லை.

"தண்ணி காஞ்சா கெளம்பிடுவீங்கன்னு நான்தான் போட்டுப் போட்டு அணைச்சிக்கினே இருக்கேன். இன்னும் நாலு நாள் வூட்டுலயே இருங்களேன்."